தெமெங்கோர்ல தோமான் தேடி, அயர்லாந்து அண்ணனோட நாலு நாள்

நாள் 1 – பினாங்கு

அண்ணன் நேத்து ராத்திரி பாயான் லெப்பாஸ்ல வந்து எறங்கிட்டாரு. பெரியப்பா மகன், என்னைவிட ஆறு வயசு மூத்தவரு. டப்ளின்ல படிக்கப் போயி அப்படியே அங்க வேலை கெடைச்சுத் தங்கிட்டாரு. இப்ப இருக்கிறது அத்லோன்னு ஒரு ஊரு, ஷனான் ஆத்தங்கரை, கொஞ்சம் தள்ளிப் போனா லாக் ரீங்கிற பெரிய ஏரி. பன்னெண்டு வருசமா அந்த ஏரில அவரு பைக் மீனு புடிக்கிறாரு, நான் பத்து வருசமா இங்க தோமான்ங்கிற விரால் சாதி மீனு புடிக்கிறேன். போன்ல பேசுனா ரெண்டு பேருக்கும் வேற பேச்சே கெடையாது. இந்த தடவ லீவு போட்டு வந்ததே தெமெங்கோர் ஏரிக்குப் போகத்தான், பெரியம்மாகிட்ட மட்டும் அதைச் சொல்லல.

பைக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: குளிர் நாட்டு நல்ல தண்ணி மீனு. நீளமா, பச்சையா, ஒடம்பு பூரா வெளிர் மஞ்சள் புள்ளி, வாத்து மூக்கு மாதிரி தட்டையான வாயி, வாய் நெறைய பல்லு. முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்துல போயி இருக்கும், அதனாலதான் நின்ன எடத்துல இருந்து அம்பு மாதிரி பாயுது. பாசிக்குள்ள ஆடாம அசையாம நிக்கும், சின்ன மீனு தாண்டிப் போனா ஒரே பாய்ச்சல். நம்ம தோமானும் வேட்டைக்காரன்தான், ஆனா சொந்தமும் இல்ல ஒண்ணும் இல்ல, தோமான் விரால் சாதி.

காலைல ஃபெர்ரி ஏறி தீவுக்குப் போனோம். இப்ப வர்ற புது ஃபெர்ரில காரு ஏத்த முடியாது, ஆளும் மோட்டாரும் மட்டும்தான், அதனால கையில ஐஸ் பெட்டியத் தூக்கிக்கிட்டு சௌராஸ்தா பாசாருக்கு நடந்தே போனோம். அண்ணன் கெம்போங்கும் (நம்ம கானாங்கெளுத்தி) மத்தியும் வாங்கணும்னாரு. மீன் விக்கிறவரு கொழம்புக்கா பொரிக்கவான்னு கேட்டாரு, இவரு ஒண்ணும் சொல்லாம ஒவ்வொரு மீனா எடுத்து வயித்த அமுக்கி அமுக்கிப் பாத்தாரு. எதுக்குன்னு கேட்டேன். "கொழுப்பு இருக்கிற மீனா பாக்கிறேன் தம்பி, எண்ணெய்தான் வேலை செய்யும்"னு சொன்னாரு.

அது என்னன்னா, அங்க குளிர் காலத்துல தண்ணி நாலஞ்சு டிகிரிக்கு எறங்கிடும், பைக்கு தொரத்திப் புடிக்க உசிரக் குடுக்காது, அந்த நேரத்துல செத்துத் தரையில கெடக்கிற மீன மோந்து பாத்துத் தேடி வந்து எடுக்கும். அதனால கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி எண்ணெய் மீன முழுசா மாட்டி அடியில போட்டுட்டு உக்காந்திருப்பாங்களாம். ஸ்மெல்ட்னு ஒரு சின்ன மீனு இருக்காம், அதுல வெள்ளரிக்கா வாசம் அடிக்குமாம், பைக்குக்கு அது ரொம்பப் புடிக்குமாம். போடுறதுக்கு முன்னாடி கத்தி மொனையால ஒடம்புல நாலு குத்து குத்துவாங்க, எண்ணெய் கசிஞ்சு தண்ணில பரவும். உசிரு மீன மாட்டிப் போடுறது அங்க சட்டப்படி கூடாது.

மத்தியானம் லிட்டில் இந்தியால வாழை எலைச் சாப்பாடு, அதைப் பத்தி எழுதுனா இன்னைக்கு முடியாது, விட்டுடுறேன். ராத்திரி பட்டர்வொர்த்துல எங்க வீட்டு ஹால்ல ரெண்டு பேரு பொட்டியும் பிரிச்சுப் போட்டாச்சு. அண்ணன்கிட்ட அரை மீட்டர் எஃகுக் கம்பி லீடர், அதாவது நூலுக்கும் கொக்கிக்கும் நடுவுல கட்டுறது, இருபது இருக்கு, பைக் பல்லுக்கு நைலான் நூலு நிக்காது. நான் பிரேய்ட்ங்கிற பின்னல் நூலு, அம்பது பவுண்டு தாங்குறது, அதுக்கு முன்னாடி சின்ன கம்பி. மூணு முள்ளு கொக்கிய எல்லாம் கழட்டிட்டு ஒத்த முள்ளு மாட்டுனோம், முள்ளோட காதையும் அமுக்கி விட்டாச்சு. ஒரு முழ நீளத்துக்கு எடுக்கியும் வச்சிருக்காரு, தொண்டைக்குள்ள போன முள்ள மீனுக்கு நோவாம எடுக்க. அது இல்லாம பைக் புடிக்கப் போறவன் மீனு புடிக்கவே போகக் கூடாதுன்னாரு. சரிதான்.

விடியகாலம் நாலரைக்குக் கெளம்பணும். தூக்கம் வரல.

நாள் 2 – பண்டிங் ஜெட்டி

ராத்திரி ஒம்பது மணி, ஏரிக்கரைல படகு கட்டுற ஜெட்டியில உக்காந்து எழுதுறேன், இங்க மட்டும்தான் லைன் கெடைக்குது.

கூலிம், பாலிங் வழியா வந்தோம். பாலிங்ல ரொட்டி சானாய், கிரிக்ல பெட்ரோல், ஐஸு, முட்டை. கிரிக் தாண்டுனா காடு ஆரம்பிச்சிடும், ரோட்டோரம் யானை கடக்கும் எடம்னு போர்டு, போர்டுக்குக் கீழயே காயாத சாணம். அண்ணன் கண்ணாடிய எறக்கி வச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாமலே வந்தாரு.

தெமெங்கோர் 150 சதுர கிலோமீட்டருக்கு மேல உள்ள ஏரி, தீபகற்ப மலேசியாவுல கென்யிர் ஏரிக்கு அடுத்து இதுதான் பெருசு. 1970கள்ல அணை கட்டுனப்ப காடு அப்படியே முழுகிடுச்சு, இப்ப தீவுன்னு நாம பாக்கிறது எல்லாம் அந்தக் காலத்து மலை உச்சி. மரமெல்லாம் இன்னும் தண்ணிக்குள்ள நிக்குது, சிலது தலைய மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு, சிலது தண்ணி மட்டத்துக்கு ஒரு அடி கீழ. படகுக்காரரு கிரிக் ஆளு, அம்பது வயசு இருக்கும், நாங்க பாங்னு கூப்புடுறோம். ரோட்டுக்கு வடக்க ராயல் பெலும்ங்கிற பாதுகாத்த காடு, அதுக்குப் பெர்மிட் வேணும், நாங்க தெற்குப் பக்கம்தான் போறோம்.

ஒரு விசயத்த மறைக்காம எழுதிடுறேன். காலைல பத்து மணில இருந்து பன்னெண்டரை வரைக்கும் நாங்க செஞ்சது பூராவும் தப்பு. போற எடமெல்லாம் அழகா இருக்கு, ஒவ்வொரு மரமும் மீனு இருக்கிற மாதிரியே இருக்கு, நிப்பாட்டி வீசு, நிப்பாட்டி வீசுன்னு கை வலிக்க வீசுனோம், ஒரு மீனு தொடல. என் ஜம்ப் ஃப்ராக் (தவளை மாதிரி தண்ணி மேல வர்ற போலி இரை) ஒண்ணு மரத்துக்குப் போச்சு. வெயிலு மண்டையப் பொளக்குது.

அப்பத்தான் அண்ணன் ராட கீழ வச்சிட்டு எஞ்சின ஆஃப் பண்ணச் சொன்னாரு. "தம்பி, இதுல முக்காவாசித் தண்ணி காலி. மீனு இருக்கிற காவாசி எதுன்னு தெரியாம வீசுனா ஒரு மாசம் வீசலாம்"னாரு. லாக் ரீல அவரு மொதல் ரெண்டு வருசம் வெறுங்கையோட வந்தாராம். அப்புறம் ஒரு பெரியவரு சொல்லிக் குடுத்தாராம், மொதல்ல பைக்க தேடாத, பைக்கு திங்கிறது எங்க இருக்குன்னு பாருன்னு. வசந்த காலத்துல தண்ணி எட்டுப் பத்து டிகிரிக்கு ஏறுறப்ப முட்டை விட ஆழமில்லாத புல்லு கெடக்கிற வளைவுக்குள்ள வரும், அங்க தேடணும். கோடையில சின்னது பாசி ஓரம் நிக்கும், பெருசு மட்டும் ரோச் மீன் கூட்டத்துக்குப் பின்னாடி நடு ஏரி ஆழத்துக்கே போயிடும். பாசி எங்க முடியுது, திட்டு எங்க சரியுது, ஆறு எங்க வந்து சேருது, காத்து எந்தக் கரைய அடிக்குது, இந்த நாலையும் பாக்காம அவரு பொட்டியவே தொறக்க மாட்டாராம்.

இங்க பாசி இல்ல, குளிரும் இல்ல, தண்ணி வருசம் பூரா வெதுவெதுன்னுதான் இருக்கும். ஆனா காத்து இருக்குல்ல. மத்தியானத்துக்கு மேல தெற்குல இருந்து நல்லா வீச ஆரம்பிச்சது. காத்து மேல் தண்ணியத் தள்ளும், அதோட கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும் எலை தழையும் பூச்சியும் ஒரு கரையில போயி சேரும், அதத் திங்க சின்ன மீனு வரும், அதத் திங்க பெருசு வரும். நான் இத்தனை வருசமா காத்து இல்லாத கரையா பாத்துத்தான் படக நிப்பாட்டிருக்கேன், வீச சுலுவா இருக்கும்னு. பாங்கிட்ட எதிர் கரைக்கு விடச் சொன்னோம். அங்க ஒரு ஓடை வந்து விழுது, வாய்ல தண்ணி கலங்கல், அலை அடிச்சுக்கிட்டே இருக்கு. அண்ணன் கையில அடங்குற ஒரு பந்து வச்சிருக்காரு, கயித்துல கட்டித் தண்ணில வீசுனா ஆழத்தயும் மீன் கூட்டத்தயும் போன்ல காட்டும். கரைல இருந்து இருபது அடி வரைக்கும் ரெண்டு மீட்டர், அதுக்கப்புறம் சடார்னு ஒம்பது மீட்டர், அந்தச் சரிவுல கூட்டமா மீனு.

ஸ்பூன், அதான் கரண்டி மாதிரி தகட்டுப் போலி இரை, அத சரிவுக்கு நெடுக்க வீசி, விட்டு விட்டு இழுத்தாரு. மூணாவது வீச்சுல செபாராவ்ங்கிற வேட்டை மீனு. அரை மணி நேரத்துல ஆளுக்கு ரெண்டு, எல்லாம் ஒரு கிலோ சொச்சம். வெள்ளி ஒடம்புல நடுவுல கறுப்புப் பட்டை, செவப்பு வாலு. ஒண்ணு போட்ல வாய்ல இருந்து அரைகுறையா முழுங்குன குஞ்சு மீன கக்குச்சு, என் சுண்டு வெரல் நீளம். அண்ணன் அதைக் கையில வச்சுப் பாத்துட்டு, பொட்டில இருந்து அதே அளவு ஸ்பூன தேடி எடுத்து மாட்டுனாரு. நான் பளபளன்னு இருக்கிறதா பாத்து மாட்டுற ஆளு, இது எனக்குப் பாடம். மீன எல்லாம் விட்டாச்சு.

இப்ப மெதவை வீட்டுக்குப் போறோம். கெம்போங்க இன்னைக்கு ராத்திரி அடியில போடப் போறாரு. தோமான் எடுக்காதுண்ணேன்னு சொன்னேன், கேக்கல.

நாள் 3 – ஏரிக்குள்ள (மறுநாள் ஏத்துனது)

கெம்போங்க தோமான் எடுக்கல. பாவுங்ங்கிற கெளுத்தி எடுத்துச்சு. ராத்திரி பதினொண்ணரைக்கு மணி அடிக்குது, ராடு வளையுது, ரெண்டரை கிலோ பாவுங். கத்தியால குத்தி எண்ணெய் கசிய விட்ட வித்தை அயர்லாந்துல பைக்குக்கு, இங்க கெளுத்திக்கு. மோப்பத்துல வர்ற மீனுக்கு எந்த ஊரா இருந்தா என்ன. அதை மட்டும் ஐஸ்ல போட்டோம், அம்மா புளி போட்டு வைப்பாங்க.

விடியகாலம் ஆறே முக்காலுக்கு பனி தண்ணி மேல படுத்துக் கெடக்கு, எங்கயோ கிப்பன் கொரங்கு கத்துது. பாங் ஒரு வளைவுக்குள்ள எஞ்சின நிப்பாட்டித் துடுப்பால தள்ளிக்கிட்டுப் போறாரு, "பெலான் பெலான்"னு கையக் காட்டுறாரு, யாரும் பேசக் கூடாது, பொட்டி மூடியக் கூட சத்தம் இல்லாம மூடணும். இது எங்க மொறை, இதை அண்ணனுக்குக் காட்டணும்னுதான் நான் ஒரு வருசமா காத்துக்கிட்டிருந்தேன்.

தோமான் காத்து குடிக்கிற மீனு. தண்ணில இருக்கிற காத்து அதுக்குப் பத்தாது, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ மேல வந்தே ஆகணும். பைக்கு அப்படி வராது, அதனால அண்ணனுக்குத் தண்ணி மேல்மட்டத்தப் பாத்து மீன தேடுற பழக்கமே இல்ல, கண்ணு பூரா போன் திரையில. நான் தோளத் தட்டி, ரெண்டு செத்த மரத்துக்கு நடுவுல பாருங்கன்னு காட்டுனேன். ரெண்டு நிமிசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் தண்ணி லேசா வீங்குச்சு, ஒரு சின்ன "ப்ளுப்", வட்டம் விரிஞ்சு போச்சு. அவ்ளோதான். சின்னது எடுத்தா படக்குன்னு ஒரு தெறிப்பு இருக்கும், பெருசு நிதானமா உருண்டு வந்து மூச்ச எடுத்துட்டு எறங்கும், வட்டம் தடிமனா இருக்கும்.

அது வந்த எடத்து மேலயே போட்டா பயந்துடும். எந்தப் பக்கம் தலையத் திருப்பி எறங்குச்சுன்னு பாத்து, அதுக்கு ரெண்டு மூணு மீட்டர் தள்ளித் தாண்டிப் போட்டு அது போற வழில இழுத்துக்கிட்டு வரணும். நான் போட்டேன், ஒண்ணும் இல்ல. மறுபடி எந்திரிக்கிறதுக்குக் காத்திருந்தோம். அண்ணன் போட்டாரு, ஃப்ராக் டக் டக் டக்னு வருது, அதுக்குப் பின்னால தண்ணி மேடா எழும்பிக்கிட்டே வருது, வருது, போட் வரைக்கும் வந்து அப்படியே நின்னுடுச்சு. என் கண்ணுக்கு நல்லாத் தெரியுது, கறுப்பு முதுகு, என் முழங்கைல இருந்து வெரல் நுனி வரைக்கும் உள்ள நீளத்துக்கு ஒண்ணரை பங்கு இருக்கும்.

நானா இருந்தா ஃப்ராக தூக்கி மறுபடி வீசியிருப்பேன், மீனு போயிருக்கும். அண்ணன் தூக்கல. ராடு நுனியத் தண்ணிக்குள்ள விட்டு, படகு ஓரத்துலயே பெருசா எட்டு போட்டாரு. அங்க பின்னாடியே வந்து கடிக்காம நிக்கிற பைக்குக்கு இதுதான் வைத்தியமாம். எட்டோட ரெண்டாவது வளைவுல தண்ணி வெடிச்சுச்சு. என் மூஞ்சி, பாங் மூஞ்சி எல்லாம் தண்ணி. நூலு வெறும் ஒரு மீட்டர்தான் வெளிய இருக்கு, ராடு பாதி வரைக்கும் தண்ணிக்குள்ள போயிடுச்சு, மரத்துக்குள்ள விட்டா கதை முடிஞ்சிடும், அண்ணன் மொழங்கால மடக்கி உக்காந்துட்டாரு, பாங் "துங்கு! துங்கு!"ங்கிறாரு, பொறு பொறுன்னு.

அஞ்சரை கிலோ. ஈரத் துணில படுக்க வச்சுப் பாத்தோம். வயித்துப் பக்கம் வெள்ளை, அதுக்கு மேல கறுப்புப் பட்டை, முதுகு ஓரத்துல சூரிய வெளிச்சம் பட்டப்ப நீலமும் ஊதாவும் மாறி மாறி மினுக்குது, அந்த நெறம் செத்த பிறகு பாசார்ல பாத்தா இருக்காது. கீழ் தாடைல நாய்ப் பல்லு மாதிரி ஒரு வரிசை. அண்ணன் எடுக்கியால முள்ள எடுத்துட்டு, பைக்க விடுற மாதிரி தண்ணிக்குள்ளயே அமுக்கிப் புடிச்சாரு. நான் தடுத்தேன், இதுக்கு மொதல்ல மூச்சு வேணும்ணே, தலையக் கொஞ்சம் மேல வைங்கன்னேன். வாயத் தொறந்து ஒரு மடக்கு காத்த இழுத்துச்சு, அந்தச் சத்தம் மனுசன் மூச்சு மாதிரியே இருக்கும், அப்புறம் வால ஒரு தட்டு தட்டிட்டு எறங்கிடுச்சு.

இதோட நின்னிருந்தா நல்ல நாளுன்னு எழுதி முடிச்சிருப்பேன். பதினோரு மணிக்கு இன்னொரு வளைவுல பாங் கைய நீட்டி "சிதூ", அங்கன்னாரு. தண்ணி மேல மழை விழுற மாதிரி சின்னச் சின்ன குமிழி, சாப்பாட்டு மேசை அளவு வட்டத்துல, அதுக்குக் கீழ செவப்பா ஒரு மேகம். தோமான் குஞ்சு. நூத்துக் கணக்குல, ஒவ்வொண்ணும் ஒரு இஞ்சுக்கு மேல, எல்லாம் கூட்டமா மூச்சு வாங்க வருது. அதுக்குக் கீழ அப்பனும் ஆத்தாளும் காவல்.

தோமான வரவழைக்க இதைவிட நிச்சயமான வழி ஒண்ணும் இல்ல. குஞ்சு கூட்டத்துக்கு நடுவுல எதைப் போட்டு இழுத்தாலும் பெத்தது அடிச்சே தீரும், பசிக்கு இல்ல, குஞ்சைக் காப்பாத்த. போடுங்கன்னு பாங் சொன்னாரு, அவரு மேல தப்பு இல்ல, வர்றவங்க எல்லாரும் கேக்கிறது அதுதான். அண்ணன் என்னப் பாத்தாரு.

நான் செஞ்சிருக்கேன். ஆறேழு வருசத்துக்கு முன்னாடி, இதே ஏரி, ஏழு கிலோ பெட்டை, போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புனேன். எடுத்துக்கிட்டு அங்கயே நின்னு சாப்புட்டோம். கால் மணி நேரம் கூட ஆகல, அந்தச் செவப்பு மேகத்துக்குள்ள செபாராவ் பூந்துச்சு, தண்ணி தெறிக்குது, கூட்டம் ரெண்டா ஒடையுது, நாலா ஒடையுது, நாங்க கெளம்புறப்ப குமிழி அங்கொண்ணு இங்கொண்ணு. அதுக்கப்புறம் நான் குஞ்சு மேல போட்டதில்ல, ஆனா யாருகிட்டயும் போடாதன்னு சொன்னதும் இல்ல. இன்னைக்குச் சொன்னேன், வேணாம் பாங், போவோம்னு. அவரு ஒண்ணும் கேக்காம துடுப்ப எடுத்தாரு.

வர்ற வழில அண்ணன் சொன்னது மனசுல நிக்குது. பைக்கு முட்டையப் புல்லுல விட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடும், குஞ்சு என்ன ஆச்சுன்னு திரும்பிப் பாக்காது. அந்த மீனுக்கே அயர்லாந்துல 2006ல சட்டம் போட்டாங்க, அம்பது சென்டிமீட்டருக்கு மேல உள்ளத கொல்லக் கூடாது, சின்னது கூட ஒரு நாளைக்கு ஒண்ணுதான். ஏன்னா பெரிய பெட்டைதான் முட்டைய அள்ளிப் போடுது, அது போனா ஏரில ஒல்லிக் குச்சி பைக்குதான் மிஞ்சும். இங்க தோமான் ரெண்டும் சேந்து வாரக் கணக்குல பக்கத்துலயே நின்னு குஞ்சைக் காக்குது, அந்தக் காவலையே தூண்டிலாக்கி நாம அதப் புடிக்கிறோம். சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். செவப்பு மேகத்தப் பாத்தா படகத் திருப்புங்க, ஏரி பெருசு, வேற தோமான் மூச்செடுக்க வரும். இதைப் படிக்கிறவங்க திட்டுனாலும் பரவால்ல.

சாயங்காலம் மழை கொட்டிடுச்சு. ஒண்ணும் போடல.

நாள் 4 – திரும்ப பட்டர்வொர்த்

காலைல ஒரு மணி நேரம் மட்டும், காத்தடிக்கிற கரையில, இன்னொரு ஓடை வாயில. எனக்கு ஒரு தோமான், ரெண்டு கிலோ இருக்கும், மூச்சு எடுத்த வட்டத்தயும் பாக்கல, போன் திரையயும் பாக்கல, சின்ன மீனு சிதறுன பக்கம் பாத்து அண்ணன் குடுத்த ஸ்பூன போட்டேன். விட்டாச்சு.

பாங்குக்குக் காசு குடுக்கிறப்ப, அடுத்த தடவ வந்தா தண்ணி எறங்குன மாசமா பாத்து வாங்க, பழைய ஆத்து தடம் தெரியும், அதோட ஓரம் பூரா மீனு நிக்கும்னாரு. அண்ணன் அந்த ஆத்து தடத்த பந்து காட்டுன படத்துல தேடித் தேடி வழி பூரா போன்லயே குறிச்சுக்கிட்டு வந்தாரு. கூலிம்ல ரோடு ஜாம், வேற ஒண்ணும் இல்ல.

மூணரைக்கு வீடு. அம்மா பாவுங்க வாங்கிப் பாத்துட்டு, நாலு நாளு போயி ஒரு மீனுதானான்னாங்க. பெரியம்மாவும் வந்திருந்தாங்க, விசயம் தெரிஞ்சிடுச்சு, அண்ணனுக்கு நல்லா விழுந்துச்சு. இப்ப அடுப்படில புளி கரைக்கிற வாசம் வருது. அண்ணன் ஹால்ல உக்காந்து அந்த ஜம்ப் ஃப்ராக கழுவிக்கிட்டிருக்காரு, முதுகுல தோமான் பல்லு பதிஞ்ச ஓட்டை ஏழு, இத நான் எடுத்துட்டுப் போறேன் தம்பி, லாக் ரீல பாசி ஓரம் போட்டுப் பாக்கிறேன்னாரு. எடுத்துக்குங்கண்ணே, அந்த கம்பி லீடர்ல ஒரு பத்து எனக்கு வச்சிட்டுப் போங்கன்னேன்.